டி டிரைவில் இருக்கிறது, தேடினால் வராது

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், பத்திரிகை டிசைன் என்று எல்லாவற்றையும் ஒரே பலகையில் எழுதிவைத்திருக்கும் கடைகளை இந்த மாதிரி ஊர்களில் எங்கும் பார்க்கலாம். கடைக்குள் விலை உயர்ந்த பொருள் பிரிண்டர் என்று நினைப்போம். இல்லை, பழைய ஃபைல்கள்தான். "அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச அதே மாடல்ல தம்பிக்கும் போட்டுக் கொடுங்கண்ணே" என்று வருகிறவருக்கு அந்தப் பழைய ஃபைலைத் திறந்து பெயரை மாற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது. திறக்க முடியவில்லை என்றால் முதல் வரியிலிருந்து அடிக்க வேண்டும். நிக்காஹ் அழைப்பிதழ், காரியப் பத்திரிகை, டியூஷன் சென்டர் கேள்வித்தாள், ஜமாபந்தி மனு, கிரயப் பத்திரத்தின் சொத்து விவரம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இந்த ஃபைல்களைத் தேடி எடுப்பதில்தான் இப்போது சிக்கல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கிடைக்கும், அதற்கும் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எனவே மெஷின் இடம்கொடுத்தவர்கள் 11-க்கு மாறினார்கள். இடம்கொடுக்காதவர்கள் புது மெஷின் வாங்கி, பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி அதில் மாட்டினார்கள். மாறிய கையோடு வரும் முதல் புகார், "எல்லாம் இருக்கு, சர்ச்ல மட்டும் எதுவுமே வரல." சர்வீஸுக்கு வரும் பையன் ஒரே பதிலைத்தான் வைத்திருப்பான்: "ஃபார்மட் போட்டுடலாம்ணே." அதற்குத் தலையாட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போடுகிறவர்கள் பத்திரப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவதில்லை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமே அதற்கென்று தனி அட்டவணைகள் வைக்கச் சொல்கிறது. எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களுக்கு ஒன்று, சொத்து விவரத்துக்கு ஒன்று. தேடுவது அந்த அட்டவணையில். கணினியும் அப்படித்தான். தேடல் பெட்டியில் நீங்கள் எழுதியதும் அது பெரும்பாலும் ஹார்டு டிஸ்கைத் துழாவப் போவதில்லை. முன்கூட்டியே எழுதிவைத்திருக்கும் இண்டெக்ஸைப் பார்த்துச் சொல்கிறது. அந்த இண்டெக்ஸ் கெட்டுப்போனாலோ, பாதி எழுதிய நிலையில் நின்றாலோ பத்திரம் பத்திரமாக இருக்கும். இல்லை என்ற பதில்தான் வரும். பெரிய அப்கிரேடுக்குப் பிறகு அது பெரும்பாலும் புதிதாகவே எழுதப்படுகிறது. ஃபைல்கள் நிறைய இருந்தால் மணிக்கணக்கில் ஆகும். நீங்கள் மும்முரமாக வேலை பார்க்கும்போது அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்கிரேடு முடிந்த மறுநாள் காலையிலேயே தேடிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைப்பது அவசரம். ஒரு ராத்திரி கணினியை அணைக்காமல் விட்டுப் பார்க்கலாம்.

முதலில் தீர்க்க வேண்டியது ஒரே ஒரு சந்தேகம்: போனது ஃபைலா, தேடலா? எங்கே வைத்தோம் என்று நன்றாக நினைவிருக்கும் ஒரு ஃபைலை ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்த் திறந்து பாருங்கள். திறந்தால் தேடலில்தான் கோளாறு. திறக்கவில்லை, ஃபோல்டரே காணோம் என்றால் அது வேறு விஷயம். பழைய விண்டோஸ் இருந்த இடத்திலேயே புதியதை ஃபார்மட் செய்யாமல் நிறுவியிருந்தால், சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டருக்குள் எல்லாம் கிடக்கும். பத்து நாளில் விண்டோஸே அதை அழித்துவிடும் என்பதால் அங்கே உடனே போக வேண்டும். ஒன்டிரைவ் இணைப்புக்குச் சம்மதம் சொல்லியிருந்தால் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் அதற்குள் இடம் மாறியிருக்கலாம். ஃபார்மட் போட்டுவிட்டால் விண்டோஸ்.ஓல்டைப் பார்க்க வழியிருக்காது.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறது. சி டிரைவ் எந்த நேரமும் போய்விடும், டி டிரைவ்தான் கெட்டி என்று முக்கியமான எல்லாவற்றையும் டி-யில் போட்டுவைப்போம். வைரஸ் காலத்தில் கற்ற பாடம், தவறும் இல்லை. ஆனால் விண்டோஸ் இண்டெக்ஸ் எழுதுவது இயல்பாக டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற ஃபோல்டர்களுக்கு மட்டும்தான். பழைய கணினியில் யாரோ எப்போதோ டி-யையும் சேர்த்துவைத்திருப்பார்கள். புதுசில் அது இல்லை. சேர்க்காத டிரைவில் தேடினால் ஒவ்வொரு ஃபோல்டராக நடந்துபோய்ப் பெயர்களை மட்டும் பார்க்கும், ஃபைலுக்குள் எழுதியிருப்பதைப் பார்க்காது. இந்த வகைப் புகார்களில் பாதிக்கும் மேல் இந்த ஒரு காரணத்தில் அடங்கிவிடும் என்பது என் கணிப்பு.

சரிசெய்வது சிரமமில்லை. ஸ்டார்ட் மெனுவில் இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ் என்று அடித்துப் பாருங்கள். ஸ்டார்ட் மெனுவின் தேடலும் படுத்திருந்தால் கண்ட்ரோல் பேனல் வழியாகப் போங்கள். அங்கே மாடிஃபை என்பதை அழுத்தி டி டிரைவுக்கு டிக் போட வேண்டும். அதிலேயே அட்வான்ஸ்டு பொத்தானுக்குள் ரீபில்டு இருக்கிறது. பழைய இண்டெக்ஸைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதச் சொல்லும் கட்டளை அது. ஃபைல்களைத் தொடாது, பயப்பட வேண்டியதில்லை. ரீபில்டு கொடுத்தும் எண்ணிக்கை ஏறாமல் நின்றால் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து விண்டோஸ் சர்ச் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கணினியை வேகமாக்குகிறேன் என்று யாராவது அதை நிறுத்திவைத்திருப்பார்கள். லேப்டாப்பில் பேட்டரி சேவர் போட்டிருந்தால் இண்டெக்ஸ் எழுதுவது நின்றுபோகும். கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

பெயர் மட்டும் தெரிந்தால் போதும் என்கிறவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான வழி, வாய்ட்டூல்ஸ் தரும் எவ்ரிதிங் என்ற இலவச மென்பொருள். அது விண்டோஸின் இண்டெக்ஸை நம்புவதில்லை. என்டிஎஃப்எஸ் டிஸ்கில் எந்த ஃபைல் எங்கே என்று இருக்கும் மூலப் பதிவேட்டையே நேராகப் படித்துவிடும். லட்சக்கணக்கான பெயர்களைக் கண் மூடித் திறப்பதற்குள் தேடும். கடைக்காரர்கள் எல்லோரும் இதை வைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பழியையும் நம் மெஷின் மேல் போடவும் கூடாது. 2019 நவம்பரில் வந்த விண்டோஸ் 10-இன் 1909 பதிப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் தேடல் பெட்டியில் வலது கிளிக் வேலை செய்யாமல் பலரைப் படுத்தியது. அதைவிட வேடிக்கை 2020 பிப்ரவரி 5-ஆம் தேதி நடந்தது. உலகம் முழுக்க விண்டோஸ் 10 கணினிகளில் ஸ்டார்ட் மெனுவின் தேடல் வெறும் வெள்ளைப் பெட்டியாக நின்றது. சொந்த டிஸ்கில் இருக்கும் ஃபைலைத் தேடுவதற்கும் பிங் இணையத் தேடலோடு அது தன்னைக் கட்டிப்போட்டிருந்ததுதான் காரணம். எங்கோ சர்வர் பக்கம் ஏற்பட்ட கோளாறு இங்கே டெஸ்க்டாப்பில் தெரிந்தது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு முடிந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. புதிதாக 10-க்கு மாறியிருந்தவர்கள் தங்கள் அப்கிரேடைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். வீட்டுக்குள் இருக்கும் பெட்டியைத் திறக்க வெளியூரில் ஒருவரிடம் அனுமதி கேட்கும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. மேக் கணினியில் ஸ்பாட்லைட் தேடல் ஃபைல்களைக் காட்டாமல் படுத்தினால் டிஸ்கை அதன் பிரைவசி பட்டியலில் சேர்த்து, பிறகு எடுத்துவிட்டால் இண்டெக்ஸை மறுபடி எழுதத் தொடங்கும். லினக்ஸில் லொகேட் கட்டளை பயன்படுத்துகிறவர்கள் அப்டேட்டிபி ஓட்டினால் ஆயிற்று.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக் கடைக்கும் பொருந்தும். தமிழில் அடிக்கும் கடைக்கு இன்னொரு தலைவலி இருக்கிறது. இண்டெக்ஸ் முழுமையாக எழுதி முடிந்து, டி டிரைவையும் சேர்த்து, எல்லாம் ஒழுங்காக ஓடும். ஃபைலுக்குள் "திருமணம்" என்று கண்ணெதிரே இருக்கும். தேடினால் வராது. அப்கிரேடு கெடுத்துவிட்டது என்பார்கள். உண்மையில் அந்த ஃபைல் அடித்த நாளிலிருந்தே தேடலுக்குத் தெரியாத ஃபைல்.

காரணம் பழைய எழுத்துருக்கள். பாமினியில் அடித்த ஃபைலுக்குள் தமிழே கிடையாது. "தமிழ்" என்று திரையில் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கில விசைக் குறிகள். அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவதுதான் எழுத்துருவின் வேலை. கணினி படிப்பது போர்வைக்கு உள்ளே இருப்பதை. வானவில் ஔவையார் வேறொரு கணக்கு வைத்திருந்தது, அரசு அலுவலகங்களில் அது நிறையப் புழங்கியது. டாப், டாம், டிஸ்கி என்ற குறியீடுகள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையை ஒழுங்குபடுத்தியது. டாம், டாப் குறியீடுகளும் அதையொட்டி வந்தவைதான். விண்டோஸ் 2000-இலேயே லதா எழுத்துருவோடு, தமிழைத் தமிழாகவே பதிந்துவைக்கும் யூனிகோட் குறியீடு வந்துவிட்டது. தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்தது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது. ஆனால் பேஜ்மேக்கரில் டிசைன் செய்கிறவர்களால் யூனிகோடுக்கு வர முடியவில்லை, அந்த மென்பொருளுக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். இருபது வருஷத்துக்கும் மேலான அந்த மென்பொருள் இன்னும் நம் சிற்றூர்க் கடைகளில் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

பழைய ஃபைல்களைத் தேட இரண்டு குறுக்குவழிகள் உண்டு. பழைய எழுத்துருக்களிலும் பெரும்பாலும் எண்கள் எண்களாகவே இருக்கும். வேர்டில் அடித்த பத்திர நகல் வேண்டும் என்றால் சர்வே எண்ணைப் போட்டுத் தேடலாம். கல்யாணப் பத்திரிகையா, செல்பேசி எண்ணைப் போடலாம். இரண்டாவது வழி, தமிழ்ச் சொல்லை யூனிகோடில் அடிக்காமல் பாமினி விசைகளிலேயே ஆங்கிலமாக அடித்துத் தேடுவது. தட்டச்சு பழகிய விரல்களுக்கு இது கஷ்டமில்லை. ஆனால் நடுவில் வரும் அரைப்புள்ளி போன்ற குறிகளில் சொல்லை உடைத்துவிடும் என்பதால் ஓரளவுதான் பலிக்கும். பேஜ்மேக்கர் ஃபைலின் உள்ளடக்கத்தை விண்டோஸ் படிக்கவே செய்யாது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், அதிலும் எழுத்து இல்லை. இவற்றுக்கெல்லாம் ஃபைலின் பெயர் ஒன்றுதான் கதி.

அந்தப் பெயரை எப்படி வைத்தோம்? ஃபைல் பெயருக்கு எழுத்துரு மாற்ற வழியில்லாததால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினோம். மங்கலம்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'பெட்' என்று முடிக்கிறவர் உண்டு, 'பேட்டை' என்று முழுதாக எழுதுகிறவர் உண்டு. கடையில் வேலை பார்த்த ஒவ்வொரு பையனுக்கும் ஒரு ஸ்பெல்லிங். போதாததற்குப் பின்னால் "நியூ", "ஃபைனல்", "ஃபைனல் 2" என்று ஒட்டிவைப்போம்.

சரி, எல்லாவற்றையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட்டால்? பெரும்பகுதி தீரும், முழுதாக அல்ல. விண்டோஸ் இண்டெக்ஸ் சொல்லின் முதல் எழுத்துகளை வைத்துப் பொருத்திப் பார்க்கிறது. "மங்கலம்" என்று அடித்தால் மங்கலம்பேட்டை வரும்; "பேட்டை" என்று அடித்தால் வராமல் போகலாம். முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டுத் தேடிப் பார்க்க வேண்டும். சொற்களைச் சேர்த்தே எழுதும் நம் மொழியில் இது அடிக்கடி இடிக்கும்: "தாள்" என்று தேடுகிறவருக்குக் கேள்வித்தாள் அகப்படாது. அடுத்து, பார்க்க ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருப்பவை. கௌரி என்பதை ஔகாரக் குறியோடு அடிப்பது முறை. பலர் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டு விடுவார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலுக்கு இரண்டும் வெவ்வேறு பெண்கள். இதைவிடச் சிக்கலானது ஸ்ரீ. 2005-இல் யூனிகோட் 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து சேர்ந்ததிலிருந்து ஸ்ரீ-யை இரண்டு விதமாக உருவாக்கலாம். எந்த விதத்தில் வரும் என்பது நீங்கள் பயன்படுத்தும் விசைப்பலகை மென்பொருளைப் பொறுத்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பக்கத்திலேயே ஸ்ரீமுஷ்ணம் இருக்கும் வட்டாரத்துக்கு இது சின்ன விஷயமில்லை. மென்பொருள் மாற்றிய நாளுக்கு முந்தைய ஸ்ரீமுஷ்ணம் ஃபைல்கள் எல்லாம் தேடலில் மறைந்துபோகும். அந்த மாதிரி நேரத்தில் "முஷ்ணம்" என்பதை மட்டும் நட்சத்திரக் குறிகளோடு தேடுங்கள்.

மாற்றும் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. என்எச்எம் கன்வர்ட்டர், அழகி, சுரதாவின் பொங்குதமிழ் எல்லாமே இலவசம். எல்லா ஃபைலையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று உட்கார்ந்தால் கடை நடக்காது. எந்த வாடிக்கையாளர் வந்து பழைய ஃபைலைத் திறக்கச் சொல்கிறாரோ அன்றைக்கு அதை மாற்றிச் சேமித்துவிடுங்கள். திரும்பத் திரும்பத் தேவைப்படுபவை தாமாகவே முன்னால் வந்துவிடும். மாற்றும்போது ஃபைலுக்கு நடுவே உண்மையான ஆங்கிலத்தில் இருக்கும் பெயரும் முகவரியும் தமிழ்க் குப்பையாக மாறும். அந்தப் பகுதிகளைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டு மற்றதை மாற்ற வேண்டும். பத்திர நகல்களில் ஒரு எழுத்து பிசகினாலும் வம்பு என்பதால் மூல ஃபைலை அழிக்காமல் வேறு ஃபோல்டரில் வைத்திருங்கள், எழுத்துருவின் ஃபைலையும் அதோடு சேர்த்து. பாமினி இல்லாத புதுக் கணினியில் அந்த மூலத்தைத் திறந்தால் வெறும் ஜே, கே, பி, ஓ-தான் தெரியும்.