பின்வாங்கினாலும் திரும்பாதது எது?

வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ சர்வர் வைத்து நாலைந்து கன்டெய்னர் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் டாக்கர் கம்போஸில்தான் தொடங்குகிறார்கள். ஒரு யாமல் கோப்பு, ஒரு கட்டளை, சேவை எழுந்துவிடும். ஆனால் அந்தக் கோப்புக்கு வெளியே கையால் செய்தவை, அதாவது ஃபயர்வால் விதி, பயனர் கணக்கு, எப்போதோ திருத்திய ஒரு வரி, எங்கும் பதிவாவதில்லை. டிஸ்க் பழுதாகிப் புதிதாக நிறுவும் நாளில்தான் அவற்றைத் தேடுவோம்.

நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் இதற்கு வேறு வழி காட்டுகிறது. எல்கோ டோல்ஸ்ட்ரா நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய நிக்ஸ் என்ற தொகுப்பு மேலாண்மைக் கருவிதான் இதன் அடித்தளம். அவரது முனைவர் ஆய்வேடு 2006-ல் வந்தது. இதில் கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கோப்பில் எழுதிவிடுகிறோம், அந்த நிலைக்குக் கொண்டுவருவது கருவியின் பொறுப்பு. கன்டெய்னர்களையும் அங்கேயே எழுதலாம். ஒவ்வொன்றும் ஒரு சிஸ்டம்டி சேவையாகிவிடும். மற்ற சேவைகளின் லாக் இருக்கும் இடத்திலேயே இதன் லாக்கும் இருக்கும்.

இதற்கு உழைப்பு கூடுதல். ஒரு போர்ட் எண்ணை மாற்றினாலும் முழுக் கணினியின் அமைப்பையும் மறுபடி கணக்கிட்டாக வேண்டும். கம்போஸ் தானே அமைத்துத் தரும் நெட்வொர்க்கை இங்கே நாமே எழுத வேண்டும். பல மென்பொருள்களின் கையேடுகள் கம்போஸ் கோப்பைத்தான் தருகின்றன. அதை நிக்ஸ் மொழிக்கு மாற்ற கம்போஸ்2நிக்ஸ் என்ற கருவி உதவும். கடவுச்சொல்லை மட்டும் கோப்பில் நேரடியாக எழுதவே கூடாது. நிக்ஸ் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் நிக்ஸ் ஸ்டோருக்குள் அது போய்விடும், அந்தக் கணினியில் உள்ள எந்தப் பயனரும் அதைப் படிக்கலாம். கடவுச்சொல்லை மறைகுறியாக்கி வைக்கவே சாப்ஸ்-நிக்ஸ், ஏஜ்நிக்ஸ் என்ற கருவிகள் உள்ளன.

பலரை நிக்ஸ்ஓஎஸ் பக்கம் இழுப்பது அதன் பின்வாங்கும் வசதி. புதிய அமைப்பு சரிப்படவில்லையென்றால் பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் கன்டெய்னர் விஷயத்தில் இந்த வாக்குறுதி பாதிதான் செல்லும். இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ என்று டேக் போட்டிருந்தால் கோப்பில் பெயர்தான் பதிவாகிறது. இன்று இறங்கும் இமேஜும் ஆறு மாதம் கழித்து இறங்குவதும் ஒன்றாக இராது. டேக்குக்குப் பதில், குறிப்பிட்ட ஒரு இமேஜை மட்டுமே சுட்டும் ‘ஷா256’ டைஜஸ்டைக் குறித்து வைத்தால் இந்த ஓட்டை அடைபடும்.

கன்டெய்னர் தன் தரவைச் சேமிக்கும் வால்யூமில் உள்ளவற்றுக்கு அப்படி ஒரு மருந்து இல்லை. உதாரணமாக, கோப்புகளைச் சேமித்துப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுடை அடுத்த பெரும் பதிப்புக்கு ஏற்றினால் அது தன் தரவுத்தளத்தையும் மாற்றி எழுதிவிடும். பிறகு கணினியைப் பழைய அமைப்புக்குத் திருப்பினால் இமேஜ் பழையது, தரவு புதியது. பதிப்பு இறக்கத்தை ஏற்காமல் அந்தக் கன்டெய்னர் எழவே மறுக்கும்.

சோதனைக்காக ஓரிரு கன்டெய்னர் ஓட்டுபவருக்குக் கம்போஸே போதும். ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய சர்வருக்கு நிக்ஸ்ஓஎஸ் கேட்கும் உழைப்பு தகும் என்றே சொல்வேன். எதில் ஓட்டினாலும், பதிப்பு எண்ணை மாற்றுவதற்கு முன் வால்யூமுக்கும் தரவுத்தளத்துக்கும் ஒரு நகல் எடுத்து வேறு டிஸ்கில் வையுங்கள்.