பால் மறக்கும் பன்றிக்குட்டிக்கு ஈஸ்ட்



குழுக் கடனில் பன்றி வளர்ப்பவர்களுக்கு நஷ்டம் வருவது பெரும்பாலும் குட்டி பால் மறக்கும் சமயத்தில்தான். 6 முதல் 8 வாரம் தாயிடம் குடித்த குட்டியைத் திடீர்னு பிரித்துத் தவிடும் புண்ணாக்கும் வைத்தால் வயிறு ஏற்காது. குடலில் ஈ.கோலி கிருமி பெருகி, தண்ணியாகக் கழியும். குட்டி போய்விடும், தவணை மட்டும் நிற்கும்.

இதைத் தடுக்கத்தான் தீவனத்தில் ஈஸ்ட் கலக்கிறார்கள். பேக்கரியில் மாவைப் பொங்க வைக்குமே, அதே இனம். ஈஸ்ட்டின் மேல்தோலில் உள்ள ஒருவித சர்க்கரையில் இந்தக் கிருமிகளில் பல ஒட்டிக்கொள்ளும். அப்புறம் குடல் சுவரைப் பிடிக்காமல் சாணத்தோடு வெளியேறும்.

பால் மறக்கிற அன்றைக்குத் தொடங்கினால் தாமதம். குட்டி தீவனம் கொறிக்கும்போதே கலந்து பழக்குங்க. அளவு பாக்கெட்டில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹோட்டல் மிச்சம் போடுகிறவர்கள் அதைக் கொதிக்க வைத்தே ஆகணும், ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் பயம் இருக்கு. ஆனால் அந்தக் கொதியிலேயே ஈஸ்ட்டைப் போட்டால் உயிருள்ள ஈஸ்ட் செத்துவிடும், காசு வீண். நன்றாக ஆறிய பிறகு கலக்குங்க.

கடைக்காரர் எல்லாத்துக்கும் இதுவே போதும் என்பார். ஈரமும் நாற்றமுமான கொட்டிலில் ஈஸ்ட் மட்டும் என்ன செய்யும்? கழிச்சல் கண்டுவிட்டால் இது மருந்தும் ஆகாது. உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கிட்டே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க. தீவனத்தில் கலக்கச் சொல்லி யாராவது கொலிஸ்டின் கொடுத்தால் வாங்காதீங்க. மத்திய அரசு 2019-இல் அதைத் தடை செய்துவிட்டது.