கதிருக்கும் அளவு உண்டு

கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியைக் கர்ப்பப்பை வாய் என்பார்கள். அங்கே புற்றுநோய் வரலாம். நோயுள்ள பெண்கள் பலருக்குக் கதிர் சிகிச்சை தேவைப்படும். மக்கள் இதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். ஆனால் உடலில் கரண்ட் பாய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் புற்றை அழிக்கின்றன. கதிர் படும்போது வலி தெரியாது.

மும்பையில் தேவ்நார், செம்பூர் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் கோவண்டியில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, பரேல் போகலாம். பரேலில்தான் டாட்டா நினைவு மருத்துவமனை உள்ளது. 1941-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இது.

முதல் நாளே கதிர் வைப்பார்களா? மாட்டார்கள். தையற்காரர் அளவு எடுக்காமல் துணியை வெட்டுவாரா? அதுபோலத்தான் இதுவும்.

கர்ப்பப்பைக்கு முன்னால் சிறுநீர்ப்பை இருக்கிறது. பின்னால் மலக்குடல் இருக்கிறது. மேலே சிறுகுடல் இருக்கிறது. இவற்றின் மேல் அதிகக் கதிர் பட்டால் பேதி, வயிற்றுவலி, இரத்தப்போக்கு வரலாம். சில தொல்லைகள் பல மாதம் கழித்தும் வரும்.

ஆகவே முதலில் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். கதிர் பட வேண்டிய இடத்தையும், காக்க வேண்டிய இடத்தையும் டாக்டர் கணினியில் வரைவார். எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு கதிர் என்று கணக்குப் போடுவார்கள். உடலில் மையால் அடையாளம் இடுவார்கள். இதற்குச் சில நாள் ஆகும். வீணாக நாள் கடத்துகிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

திட்டம் சரியாக இருந்தால் என்ன பலன்? மும்பை டாட்டா நினைவு மையம் இதை ஆராய்ந்தது. 2011 முதல் 2019 வரை 300 பெண்களை இதில் சேர்த்தார்கள். எல்லோரும் அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர் தேவைப்பட்டவர்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான திட்டப்படி கதிர் தந்தார்கள். மற்றப் பிரிவுக்குப் புதிய திட்டம். அதில் குடலை விலக்கிக் கதிரை வளைத்து அமைத்தார்கள். படம் எடுத்து இடம் சரிபார்த்த பிறகே கதிர் தந்தார்கள்.

முடிவு 2021-இல் வெளிவந்தது. வழக்கமான முறையில், 3 ஆண்டுக்குள் 100-க்கு 42 பேருக்குக் குறிப்பிடத்தக்க குடல் தொல்லை வந்தது. புதிய முறையில் 21 பேருக்குத்தான் வந்தது. பாதியாகக் குறைந்துவிட்டது! நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டு முறையும் சமமாகவே இருந்தன.

நோயாளிக்கும் இதில் பங்கு உண்டு. மை அடையாளத்தை அழிக்கக் கூடாது. தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கி வரச் சொன்னால், தினமும் அப்படியே செய்ய வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்தால் குடல் மேலே தள்ளப்படும். கதிருக்குத் தப்பும்.

வாரம் 5 நாள், சுமார் 5 வாரம் போக வேண்டியிருக்கும். பிறகு உள்ளேயும் கதிர் வைக்கலாம். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை, ரயிலுக்குக் காசில்லை என்று பெண்கள் நின்றுவிடக் கூடாது. வீட்டார் கைகொடுக்க வேண்டும். மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் உதவி கேட்கலாம்.

மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் படுகிறதா? உடலுறவுக்குப் பின் இரத்தம் வருகிறதா? நாற்றத்தோடு வெள்ளை படுகிறதா? வெட்கப்பட வேண்டாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.