புலி இல்லாத காட்டுக்கு யார் வருவார்?

புது தில்லி: வெளிநாட்டுப் பயணிகளை ஈர்ப்பதற்காக மத்திய சுற்றுலா அமைச்சகம் 2002-ல் தொடங்கிய 'இன்கிரெடிபிள் இந்தியா' பிரசாரத்தின் ஒரு விளம்பரம் பலருக்கு நினைவிருக்கலாம். ஒரு புலியின் படம். இந்தியர் அனைவரும் சாதுக்களோ சைவ உணவுக்காரர்களோ அல்லர் என்ற பொருளில் ஒரு வாசகம்.

தாஜ்மகாலுக்கு நிகராகப் புலியையும் காட்டி உலகை அழைத்துக்கொண்டிருந்த அதே காலகட்டத்தில்தான், தில்லியிலிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவில், ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்திலுள்ள சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்ற செய்தி வெளியானது. 2005 தொடக்கத்தில் இந்திய வனவிலங்கு நிறுவனம் நடத்திய ஆய்வு அதை உறுதி செய்தது. சரிஸ்கா 1978 முதலே புலிகள் காப்பகம். காலடித் தடங்களைக் கொண்டு எடுக்கப்பட்ட முந்தைய கணக்குகளில் பத்துக்கும் மேற்பட்ட புலிகள் அங்கே "இருந்தன". ஏட்டில் இருந்த புலிகளைக் காட்டில் காணவில்லை.

அந்நாளைய பிரதமர் மன்மோகன் சிங் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு உத்தரவிட்டார். சுனிதா நாராயண் தலைமையில் புலிகள் பாதுகாப்புப் பணிக்குழு அமைக்கப்பட்டது. புலித்தோல் வணிகத்தில் பெயர்போன சன்சார் சந்த் அதே ஆண்டு தில்லியில் கைது செய்யப்பட்டார். வேட்டைக்காரர்களைத் தாண்டியும் பணிக்குழுவின் பார்வை சென்றது. காட்டுக்குள்ளும் ஓரத்திலும் வாழும் மக்கள், புலியால் தங்களுக்கு நட்டமேயன்றி லாபமில்லை என்று கருதும்வரை காவல் பலிக்காது என்றும், காப்பகங்களை ஒட்டிய ஹோட்டல்கள் தம் வருவாயில் ஒரு பங்கைத் தர வேண்டும் என்றும் அதன் அறிக்கை கூறியது.

இதன் தொடர்ச்சியாக 2006-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் சட்டபூர்வ அதிகாரத்துடன் பிறந்தது. கட்சி வேறுபாடின்றி அவை கவலை கொள்ளும் மிகச் சில விஷயங்களில் புலியும் ஒன்று. ஆனால் கேள்வி நேரத்தில் உறுப்பினர்கள் பெரும்பாலும் கேட்பது எண்ணிக்கையைத்தான். காட்டை விட்டு வெளியேற்றப்படும் குடும்பங்களைப் பற்றிய கேள்விகள் அந்த அளவுக்கு எழுவதில்லை.

புலியைக் காட்டி வெளிநாட்டாரை அழைப்பது புதிய உத்தியும் அன்று. 1950-களிலும் 60-களிலும் ஷிகார் நிறுவனங்கள் அமெரிக்க, ஐரோப்பியச் செல்வந்தர்களைப் புலி வேட்டைக்கென்றே இங்கு வரவழைத்து அந்நியச் செலாவணி ஈட்டின. 1970-ல்தான் புலி வேட்டைக்கு முற்றிலும் தடை வந்தது. அல்வர் மகாராஜா வேட்டைக்காகக் கட்டிய சரிஸ்கா அரண்மனை இன்று ஹோட்டலாக இருக்கிறது. அங்கே தங்கும் விருந்தினர் துப்பாக்கிக்குப் பதில் கேமராவுடன் வருகின்றனர்.

புலி போனபின் சரிஸ்காவில் என்ன மிச்சமிருந்தது? ஆரவல்லிக் குன்றுகள், கடமான் கூட்டங்கள், மயில்கள், காட்டின் நடுவே காங்க்வாரிக் கோட்டை. தாரா ஷுகோவை ஔரங்கசீப் சிறைவைத்தது அங்கேதான் என்பது மரபாக வழங்கும் செய்தி. ஒரு நாள் முழுவதும் பார்க்கத் தகுந்தவைதான் இவை. ஆயினும் புலி இல்லாத புலிகள் காப்பகத்துக்குப் பயணிகளை எந்த முகத்துடன் அழைப்பது?

2008 ஜூனில், ரந்தம்பூரில் மயக்கமருந்து செலுத்தப்பட்ட ஆண் புலி ஒன்று விமானப்படை ஹெலிகாப்டரில் சரிஸ்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. அடுத்த மாதம் பெண் புலி ஒன்று வந்தது. பின்னர் மேலும் சில வந்தன. முதலில் வந்த ஆண் புலி 2010-ல் விஷம் வைத்துக் கொல்லப்பட்டது. நான்கு ஆண்டுகள் குட்டிகளே இல்லை. 2012-ல்தான் தாயுடன் இரு குட்டிகள் தென்பட்டன. இன்று அங்குள்ள புலிகள் நாற்பதைத் தாண்டிவிட்டன. நாடு முழுவதும் 2006-ல் 1,411 என மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை, 2022 கணக்கெடுப்பில் சராசரியாக 3,682 ஆக உயர்ந்தது.

எண்ணிக்கை கூடியதும் ஜீப்புகளும் கூடின. காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவுக்கு 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தபோது, ஹோட்டல் உரிமையாளர்களுடன் வழிகாட்டிகளும் ஓட்டுநர்களும் பதறிப்போயினர். அக்டோபரில் தடை விலகியது. மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்ற வழிகாட்டு நெறி வந்தது. பயணிகளின் கண்களே வேட்டைக்காரருக்கு எதிரான காவல் என்ற வாதம் அப்போது உரக்கப் பேசப்பட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பயணிகள் வந்துகொண்டிருந்தபோதுதான் சரிஸ்கா காலியானது.

சரிஸ்காவின் சிக்கல் ஜீப்புகளோடு நிற்கவில்லை. காட்டுக்குள் இருக்கும் பாண்டுபோல் அனுமன் கோயிலுக்குச் செவ்வாய், சனிக்கிழமைகளில் பக்தர்கள் திரள்கின்றனர். அவர்களைப் பொறுத்தவரை இது புலிக்காடு அன்று, அனுமன் வாழும் தலம். சுற்றிலும் பளிங்குக்கல் சுரங்கங்கள். காப்பகத்தின் எல்லைகளை மாற்றியமைக்கும் யோசனை 2025-ல் முன்வைக்கப்பட்டபோது, மூடப்பட்ட சுரங்கங்கள் மீண்டும் திறக்கப்படும் என்ற அச்சம் எழுந்து, விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை சென்றது.

காட்டுக்குள் எருமையும் ஆடும் மேய்த்துவந்த குஜ்ஜர் கிராமங்கள் சில வெளியே குடியமர்த்தப்பட்டுள்ளன. வேறு சில இன்னும் உள்ளேயே இருக்கின்றன. பயணிகளின் ஜீப்புகள் அதிகாலையில் அவற்றின் அருகேதான் புழுதி கிளப்பிச் செல்கின்றன.