சிறு தகடு செய்யும் பெரு வேலை
(பழைய பின்பால் இயந்திரத்தில் ஸ்விட்ச் பழுது பார்த்தல்)

ஆணிகள் அடித்த பலகையைச் சற்றே சாய்த்து வைத்து, விசையால் குண்டைத் தள்ளி, அது எந்தக் குழியில் விழுகிறது என்று பார்த்து மகிழும் ‘பாகடெல்’ விளையாட்டை நம்மில் பலர் அறிவோம். அந்தப் பலகைக்கு அமெரிக்காவில் மின்சாரம் பூட்டிய தம்பி ஒருவன் உண்டு. அவன் பெயர் பின்பால். அந்தத் தம்பியின் உடல்நிலையையும், அவனுக்கு வரும் ஒரு நோயையும், அதைத் தீர்க்கும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

1871-இல் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த மாண்டேக் ரெட்கிரேவ் என்பவர், விசைக் கம்பியால் குண்டைத் தள்ளும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1931-இல் காட்லீப் நிறுவனம் ‘பாபிள் பால்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதே நிறுவனம் 1947-இல் வெளியிட்ட ‘ஹம்ப்டி டம்ப்டி’ ஆட்டத்தில், பந்தைத் திருப்பி அடிக்கும் சிறு துடுப்புகளை ஹாரி மாப்ஸ் என்பவர் அமைத்தார். இவற்றையே ‘பிளிப்பர்’ என்பர். சிகாகோ நகரமே இத்தொழிலுக்குத் தாய்வீடாக விளங்கியது.

ஆனால் இது சூதாட்டம் என்று கருதப்பட்டு, 1942-இல் நியூயார்க் நகரில் தடை செய்யப்பட்டது. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றத்தினர் முன்னிலையில் ஆடிக் காட்டினார். பந்து எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அடித்தார்! இது அதிர்ஷ்டத்தால் அன்று, திறமையால் ஆடும் ஆட்டம் என்பது விளங்கியது, தடையும் நீங்கியது.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஆடுபவர் எவ்வளவு திறமையாக ஆடினாலும், பந்து தொட்டதை இயந்திரம் உணராவிட்டால் பயன் என்ன? சரியாக விடை எழுதியும் மதிப்பெண் கிடைக்காத மாணவியின் நிலைதான் அவருக்கும்! அவ்வாறு உணர்வது ஸ்விட்ச் என்னும் சிறு உறுப்பே ஆகும்.

இயந்திரம் உணர்வது எப்படி?

நம் வீட்டுச் சுவரில் உள்ள ஸ்விட்சைப் போன்றதன்று இது. வளைந்து கொடுக்கும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் அருகருகே நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் பொட்டுப் போல ஒரு தொடுமுனை இருக்கும். பந்து ஒரு தகட்டைத் தள்ளினால் அது மற்றதைத் தொடும், சுற்று பூர்த்தியாகும், மின்காந்தச் சுருள் இழுக்கும். வகுப்பில் நாம் படித்த மின்சார மணியிலும் இத்தகைய தொடுமுனையே வேலை செய்கிறது.

இவற்றில் மூன்று வகை உண்டு. சாதாரண நிலையில் திறந்திருந்து, தள்ளினால் மூடுவது ஒன்று. மூடியிருந்து, தள்ளினால் திறப்பது மற்றொன்று. ஒருபுறம் திறந்து மறுபுறம் மூடுவது மூன்றாவது. 1970-களின் பிற்பகுதி வரை செய்யப்பட்ட இயந்திரங்களில் கம்ப்யூட்டர் கிடையாது. கூட்டுவதும், நினைவில் வைப்பதும், ஆட்டத்தை முடிப்பதும் ரிலேக்களிலும் சுழலும் மோட்டாரிலும் பொருத்தப்பட்ட நூற்றுக்கணக்கான தகடுகளின் வேலையே. ஆகவே, மூலையில் உள்ள ஒரு தகடு முரண்டு பிடித்தாலும் ஆட்டம் நின்றுவிடக்கூடும்.

நோயை அறிதல்

இயந்திரம் நின்றதும் பெரிய பாகங்களையே பலரும் சந்தேகிப்பர். அது தவறு. முதலில் கண்ணால் பார்த்து, காதால் கேட்க வேண்டும். எது வேலை செய்கிறது, எது வேலை செய்யவில்லை என்று இரண்டு பட்டியல்கள் எழுதிக்கொள்வது நலம்.

எடுத்துக்காட்டாக, பந்தை உதைத்துத் தள்ளும் ‘பம்பர்’ என்ற உறுப்பைக் கொள்வோம். பந்து பட்டதும் அதன் அடியிலுள்ள ஸ்விட்ச் மூடி, சுருளை இயக்குகிறது. சுருள் இழுக்கும்போது இரண்டாவது ஸ்விட்ச் ஒன்று மூடி, மதிப்பெண்ணை ஏற்றுகிறது. பந்தை உதைக்கிறது, ஆனால் எண் ஏறவில்லை என்றால், முதல் ஸ்விட்சும் சுருளும் நலம் என்பது தெளிவு. இரண்டாவது ஸ்விட்சையும் அதற்கு அப்பால் உள்ளவற்றையும் பார்க்க வேண்டும். உதைக்கவே இல்லை என்றால் முதல் ஸ்விட்ச், ஒயர், சுருள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பல உறுப்புகள் ஒரே சமயத்தில் செயலற்றுப் போனால், அவை அனைத்துக்கும் பொதுவான பியூஸையோ ஒயரையோ முதலில் நாட வேண்டும். இப்படிச் சிந்தித்தால், நூறு இடங்களில் தேட வேண்டியது இரண்டு மூன்று இடங்களாகச் சுருங்கிவிடும்.

ஸ்விட்சுக்கு வரும் குறைகள் சிலவே: தொடுமுனையில் அழுக்குப் படிதல், தகடுகளின் இடைவெளி அதிகமாதல், இடைவெளி குறைந்து ஒட்டிக்கொள்ளுதல், திருகாணி தளர்தல், ஒயரின் பற்றவைப்பு விடுதல்.

இவற்றுள் ஒட்டிக்கொள்ளுதலே மிகவும் ஆபத்தானது. பெரும்பாலான சுருள்கள் கணநேரம் மட்டுமே இழுப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஸ்விட்ச் மூடியே கிடந்தால் சுருள் சூடேறிப் புகைந்து கருகிவிடும். அப்போது உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சுருளை மட்டும் மாற்றிவிட்டு ஸ்விட்சைக் கவனியாமல் விட்டால், புதிய சுருளும் கருகும். பியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைப் போடுவது தீயை வரவழைப்பதாகும்.

சரி செய்யும் முறை

முதல் விதி: பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். இயந்திரத்தின் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பல இயந்திரங்களில் சுருள்களுக்குச் சுமார் 25 வோல்ட்டும், விளக்குகளுக்குச் சுமார் 6 வோல்ட்டுமே செல்கின்றன என்பது உண்மையே. ஆயினும் டிரான்ஸ்பார்மர் வரை வருவது வீட்டு மின்சாரம்; அது உயிரைக் குடிக்கும். பெரியவர்கள் துணையின்றி இவ்வேலையில் இறங்குதல் கூடாது.

அடுத்து, சுத்தம் செய்தல். வெள்ளிக் கொலுசு கறுப்பது போல வெள்ளித் தொடுமுனையும் கறுக்கும். இதற்கென உள்ள மெல்லிய அரத்தை இரு முனைகளுக்கும் நடுவே விட்டு, மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும். உப்புத்தாள் கூடாது, அதன் துகள்கள் அங்கேயே தங்கிவிடும். எண்ணெயும் கூடாது, அது தூசியைச் சேர்க்கும்.

பிறகு, தகடுகளைப் பிணைக்கும் திருகாணிகளை இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் தகட்டை வளைத்தால், எல்லாம் மறுபடியும் கலைந்துவிடும்.

கடைசியாக, இடைவெளியைச் சரிசெய்தல். பந்து தள்ளும் நீண்ட தகட்டில் போதிய விறைப்பு இருக்கிறதா என்று பார்த்து, எதிரே உள்ள குட்டைத் தகட்டை அடிப்பகுதியில் பிடித்து மெல்ல வளைக்க வேண்டும். நுனியில் வளைத்தால் தொடுமுனை கோணலாகிவிடும். திறந்திருக்கும் ஸ்விட்சில் பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி போதுமானது. தொட்ட பிறகும் இரண்டு தகடுகளும் சேர்ந்து சிறிது தூரம் நகர வேண்டும். அந்த உராய்வினால் முனைகள் தம்மைத் தாமே துடைத்துக்கொள்கின்றன!

வேலை முடிந்ததும், டார்ச் செல், சிறு பல்பு, இரண்டு ஒயர்கள் ஆகியவற்றைக் கொண்டு சோதிக்கலாம். ஸ்விட்சை விரலால் மூடினால் பல்பு எரிய வேண்டும். விட்டால் அணைய வேண்டும். மின்னோட்டம் வேறு வழியாகச் சுற்றி வந்து நம்மை ஏமாற்றவும் கூடும். ஆகையால், ஸ்விட்சின் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டுச் சோதிப்பதே உறுதியானது.

பின்னாளில் வந்தவை

1970-களின் பிற்பகுதியில் மின்னணு இயந்திரங்கள் வந்தன. இவற்றின் ஆட்டப்பலகை ஸ்விட்சுகளில் மிகக் குறைந்த மின்னோட்டமே செல்கிறது. ஆகவே தொடுமுனைக்குத் தங்க முலாம் பூசினார்கள். இங்கே அரத்தை எடுத்தால் தங்கம் போய்விடும், போனது திரும்பாது. சுத்தமான விசிட்டிங் கார்டை நடுவே வைத்து இழுத்தாலே போதும். வெள்ளிக்கு மருந்தானது தங்கத்துக்கு நஞ்சாகிறது! எனவே, எந்த உலோகம் என்று அறிந்த பின்னரே கருவியைத் தொட வேண்டும்.

கலிபோர்னியாவில் அலமீடா என்னும் ஊரில் தொடங்கிய பசிபிக் பின்பால் அருங்காட்சியகம் போன்ற இடங்களில், இப்பழைய இயந்திரங்களை இன்றும் ஆடக்கூடிய நிலையில் பேணுகின்றனர். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் தகடுகள் கறுத்து ஊமையாகிவிடும். ஆடுவதும், கெடுவதும், பொறுமையாகத் தேடிச் சரிசெய்வதும் சேர்ந்தே அவற்றை உயிரோடு வைத்திருக்கின்றன.

தோழியரே! ‘கெட்டுவிட்டது, தூக்கி எறி’ என்று சொல்வது எளிது. கெட்டது எது என்று கண்டுபிடிப்பதே அறிவு. பெரிய இயந்திரம் ஒன்று ஊமையாகி நிற்கும்போது, தூசி படிந்த ஒரு சிறு பொட்டே காரணமாக இருக்கலாம் அல்லவா?