எலுமிச்சை ஓடும், சந்தனம் நிற்கும்

ஒரு காகிதத் துண்டில் எலுமிச்சைத் தோல் எண்ணெய் ஒரு சொட்டு, இன்னொன்றில் சந்தன எண்ணெய் ஒரு சொட்டு விட்டு வையுங்கள். எலுமிச்சை உடனே மூக்கைத் துளைக்கும். சில மணி நேரத்தில் இருந்த இடம் தெரியாது. சந்தனம் தொடக்கத்தில் அடக்கி வாசிக்கும், மறுநாளும் மணக்கும். சில செண்டுகள் மதியத்துக்குள் மறைவதும், சில இரவு வரை நிற்பதும் இதனால்தான்.

மூலக்கூறுகள் ஆவியாகி மூக்கை எட்டினால்தான் வாசனை. ஆக, மணப்பது என்றாலே கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்வதுதான். எலுமிச்சையின் லிமோனீன் மூலக்கூறு எடை 136. 176 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். சந்தனத்தின் சாண்டலால் எடை 220; கொதிக்க 300 டிகிரி வேண்டும்.

எடை மட்டும் பார்த்தால் போதாது. மல்லிகையிலும் லாவண்டரிலும் இருக்கும் லினலூலின் எடை 154. வனிலாவுக்கு மணம் தரும் வனிலினின் எடை 152. ஆனாலும் லினலூல் சீக்கிரம் பறந்துவிடும், வனிலின் நாள்கணக்கில் நிற்கும். வனிலின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்பவை. அதனால்தான் லினலூல் திரவமாக இருக்கும் அதே அறையில் வனிலின் படிகத் தூளாக இருக்கிறது.

இதை அறிந்தே செண்டை மூன்று அடுக்காகக் கலக்கிறார்கள்: முதலில் எழும் எலுமிச்சை வகைகள், அடுத்து பூக்கள், அடியில் சந்தனம், வனிலா, கஸ்தூரி. அடியில் இருப்பவை மற்றவை ஆவியாவதையும் ஓரளவு மட்டுப்படுத்தும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் ரோஜா ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடித்து அத்தர் வடிப்பதன் சூட்சுமமும் இதுவே. நமக்குப் பழக்கமான புனுகும் இந்த அடித்தள வகைதான். அதிலுள்ள சிவெட்டோன், 17 கார்பன் அணுக்களால் ஆன பெரிய வளையம். அவ்வளவு பெரிய வளையம் நிலைக்காது என்று வேதியியலாளர்கள் நம்பியிருந்த காலத்தில், 1926இல் லியோபோல்ட் ருஷிச்கா அதன் அமைப்பைக் கண்டறிந்தார். 1939இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

புட்டியில் எழுதியிருக்கும் வகைக்கும் பங்குண்டு. கொலோனில் வாசனைப் பொருள் பொதுவாக 2 முதல் 5 சதவீதம். பர்ஃபம் என்றால் 20 சதவீதத்துக்கு மேல். மீதி பெரும்பாலும் ஆல்கஹால். வறண்ட சருமத்தில் வாசனை சீக்கிரம் போகும். கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்தால் தங்கும். உடம்புச் சூடு குறைவாக எட்டும் துணியில் இன்னும் நீடிக்கும்.

சில நேரம் வாசனை போயிருக்காது, மூக்குதான் பழகிப்போயிருக்கும். நமக்குத் தெரியாதது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். கனமான சில கஸ்தூரி மூலக்கூறுகளைப் பிறவியிலேயே முகர முடியாதவர்களும் உண்டு.

எனவே கடையில் தெளித்த உடனே முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். அந்த நொடியில் மணப்பவை பெரும்பாலும் சீக்கிரம் விடைபெறப் போகும் மூலக்கூறுகள். மணிக்கட்டில் தடவிக்கொண்டு வேறு வேலை பாருங்கள். நாலைந்து மணி நேரம் கழித்தும் பிடித்திருந்தால் காசு கொடுங்கள்.