பீலித் தண்ணீரும் மீன்தொட்டியும்

"தண்ணி மாத்தினதும் மீனெல்லாம் செத்துப்போச்சு." மீன் வளர்ப்பவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் சொல்லும் குறை இது. மாதக்கணக்கில் கழுவாத தொட்டியில் நன்றாக நீந்திய மீன்கள், புதுத் தண்ணீர் விட்ட அன்றிரவே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பிறகு விலுக்கென்று துடித்துச் சாய்ந்துவிடுகின்றன. பழி குளோரின் மேல் விழும். குழாய் நீரிலுள்ள குளோரின் மீனைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் குளோரினே படாத கிணற்று நீரை விட்டாலும் இப்படி நடப்பதுண்டு. அப்போது மீனைக் கொன்றது தொட்டியில் ஏற்கெனவே இருந்த அமோனியாவாக இருக்கலாம்.

மீன் தன் உடலில் சேரும் அமோனியாவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகும்போதும் அமோனியா உண்டாகும். தண்ணீரில் இதற்கு இரண்டு வடிவம். தனி மூலக்கூறாக இருந்தால் அமோனியா. ஓர் ஐதரசன் அயனைச் சேர்த்துக்கொண்டால் அமோனியம். மின்னேற்றம் இல்லாத அமோனியா செவுளின் மென்சவ்வைச் சுலபமாகக் கடந்து குருதிக்குள் போய்விடும். மின்னேற்றமுள்ள அமோனியம் அவ்வளவு இலேசில் கடக்காது. உள்ளே போன அமோனியா குருதியில் அமோனியமாக மாறி, மூளையின் நரம்புக் கலங்களில் பொற்றாசியம் அயன் செய்யும் வேலையைக் குழப்பிவிடுகிறது. மீன் துடிப்பது அந்த வலிப்பினால்.

எந்த வடிவம் எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானமே தீர்மானிக்கிறது. 25 பாகை செல்சியசில், பீ.எச். 6 ஆக இருந்தால் நச்சு வடிவமான அமோனியா மொத்தத்தில் 0.06 சதவீதம்கூட இல்லை. 7 இல் ஏறத்தாழ 0.6, 8 இல் 5க்குச் சற்று மேல். 9 இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். நீர் சூடாக இருந்தால் இன்னும் கூடும். கடையில் வாங்கும் சோதனைக் குப்பி பெரும்பாலும் இரண்டையும் கூட்டித்தான் காட்டுகிறது; பீ.எச். தெரியாமல் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

இலங்கையின் சபரகமுவ மாகாணத்திலுள்ள அரநாயக்கவின் மலைகள் கெட்டியான பழம்பாறை. அதன் வெடிப்புகளில் ஊறிப் பீலியில் விழும் தண்ணீர் மென்மையானது, சற்றே அமிலத்தன்மை கொண்டது. சபரகமுவவின் நிழலோடைகளில் வாழும் லே தித்தெயா போன்ற மீன்களுக்குப் பழக்கமான நீரும் அதுதான். ஆனால் தொட்டிக்குள் வந்ததும் அந்த மென்மை ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் வளர்கின்றன. இவ்வகை நுண்ணுயிர்களை 1890 வாக்கில் பிரித்தறிந்தவர் ரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. இவை வேலை செய்யச் செய்ய நீரில் அமிலம் சேரும். அதைத் தாங்கிக்கொள்ள இருகாபனேற்று வேண்டும், பீலித் தண்ணீரில் அது கொஞ்சம்தான். அது தீர்ந்ததும் பீ.எச். சரிகிறது. 6க்குக் கீழே போனால் நுண்ணுயிர்களே மந்தமாகிவிடுகின்றன. அமோனியா குறையாமல் சேர்ந்துகொண்டே போகிறது, அமோனியமாக. மீன்கள் சுகமாகவே தெரிகின்றன.

இந்தத் தொட்டியில் இரண்டு வடிவமும் கூட்டி லீற்றருக்கு 2 மில்லிகிராம் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பீ.எச். 6 இல் அதில் நச்சு வடிவம் 0.001 மில்லிகிராம் அளவுதான். பீ.எச். 8க்கு ஏறினால் அதே 2 மில்லிகிராமில் 0.1க்கு மேல் நஞ்சாகிவிடும். 0.02ஐத் தாண்டவிடாமல் பார்ப்பது மீன் வளர்ப்போரின் வழக்கம் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மலைநாட்டில் பீ.எச்.ஐ இப்படி ஏற்றுவது எது? பழைய தண்ணீரோடு மீன்களை மாற்றிவிடும் புதுச் சீமெந்துத் தொட்டி ஏற்றலாம். அதிலிருந்து கரையும் சுண்ணாம்பு நீரை 9க்கு மேலேயும் கொண்டுபோகும். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் பழைய தண்ணீரோடு மீனைக் கொண்டுபோனால், அங்குள்ள சுண்ணாம்புக்கல் கிணற்று நீரும் காரப்பக்கமே சாயும்.

மீனின் உடம்பு இந்தக் கணக்கை நன்றாகவே அறிந்திருக்கிறது. அது மூச்சில் விடும் காபனீரொட்சைட்டு, செவுளை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தை அமிலமாக்குகிறது. வெளியே வந்த அமோனியா அங்கேயே அமோனியமாகித் திரும்பி நுழைய முடியாமல் போகிறது. வெளிநீர் கடுங்காரமாக இருந்தால் இந்த உபாயம் பலிக்காது. கென்யாவின் மகாடி ஏரியில் பீ.எச். 10 அளவில் வாழும் ஒரு சின்னத் திலாப்பியா, அமோனியாவை விட்டுவிட்டு யூரியாவாகவே கழிவை வெளியேற்றுகிறது. டேவிட் ரண்டாலும் கிறிஸ் வூட்டும் சக ஆய்வாளர்களும் 1989 இல் இதை வெளியிட்டபோது, முழுக்க நீரிலேயே வாழும் எலும்பு மீன் ஒன்று இப்படிச் செய்வது பெரும் வியப்பாயிற்று. நம் தொட்டி மீன்களுக்கு அந்த வித்தை கிடையாது.

கடையிலிருந்து பொலித்தீன் பையில் வரும் மீனுக்கும் இதே ஆபத்து. நெடும் பயணத்தில் பைக்குள் அமோனியா சேரும். கூடவே காபனீரொட்சைட்டும் சேர்ந்து பீ.எச்.ஐத் தாழ்த்தி அதை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு பறந்துவிடும், பீ.எச். ஏறத் தொடங்கும். ஆகவே கட்டை அவிழ்க்காமலே பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலை சமனானபின், அவிழ்த்ததும் தாமதிக்காமல் மீனை வலையால் எடுத்து விடவேண்டும்; பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. பழைய தொட்டியிலோ, ஒரேயடியாக மாற்றாமல், அதே பீலித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் மாற்றி, முதலில் அமோனியத்தைக் குறைக்க வேண்டும். பீ.எச்.ஐ உயர்த்துவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.